மீன் படம் போட்ட மூடி

அண்டாவின் மூடியைத் திறந்ததும் சுண்ணாம்பு வாடை முகத்தில் அடித்தது. முந்தின மாலையே முப்பது கிலோ மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து அப்படியே ஊறவிட்டிருந்தாள் எர்லிந்தா. டிசம்பர் மாதத்து மூடுபனி, வளாகத்தின் நாற்பத்து மூன்று டிரெய்லர் வீடுகளையும் விழுங்கிவிட்டு அவள் வாசல் விளக்கை மட்டும் போனால் போகிறதென்று விட்டு வைத்திருந்தது. முழங்கை வரை கைகளை உள்ளே விட்டுச் சோளத்தைக் கசக்கினாள். தோல் கழன்று வழுவழுவென்று விரலிடுக்கில் ஓடியது. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஆரஞ்சு பொதியும் கொட்டகையில் ஓடும் பட்டை எட்டு வருடம் முன்பு அவற்றை வாங்கிக்கொண்டது. விரலோடு வேலையும் போயிற்று. மிச்சமிருந்த விரல்கள் சுண்ணாம்பில் வெடித்து, குளிர் வந்தால் ரத்தம் கசியும்.

மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவினால்தான் மாவு கசக்காது. பிறகு அரைத்து, கொழுப்பு சேர்த்துப் பிசைந்து, மிளகாயில் வெந்த பன்றியிறைச்சியை நடுவில் வைத்து, சோள மடலில் சுற்றி அவிக்க வேண்டும். பத்து மணி இடைவேளைக்கு மணி அடிக்கும்போது கொட்டகை வாசலில் தமாலேக் கூடையோடு நிற்க வேண்டும். தன் விரல்களைத் தின்ற இடத்தின் வாசலிலேயே அவள் பிழைப்பு நடந்துகொண்டிருந்தது. இதில் வெட்கப்பட வேண்டியவள் அவள் இல்லை.

கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதுதான் பிரச்சினை. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் அது பக்கத்து வீட்டு தோன் கூக்கோவின் குளியல் தொட்டியில் பொங்கி எழும். வளாகத்தின் கழிவுநீர்க் குழாய் பள்ளத்தில் எங்கோ நொறுங்கிக் கிடந்தது. ஐம்பது வருடம் ஆரஞ்சு பறித்து முதுகு வளைந்த கிழவர் கூக்கோ. "ஒரு சொட்டுத் தண்ணி திறக்காமலே என் தொட்டி நெறையுது. இந்த வசதி எந்தப் பணக்காரனுக்கு இருக்கு?" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு, அள்ளி வெளியே கொட்டுவதற்கு வாளியை எடுப்பார்.

இரண்டு வருடம் முன்பு வளாகத்து மேற்பார்வையாளன் சானோ ஒரு வழி சொன்னான். குழாய் சரியாகிற வரைக்கும் சமையல் தண்ணி, சலவைத் தண்ணியைத் தெருவோரக் கம்பி மூடிக்குள் ஊற்றுங்கள், மழைத் தண்ணீர் போகிற வழிதானே என்றான். சானோவும் அவர்களில் ஒருவன்தான். இதே பள்ளத்தாக்கில் பழம் பறித்தவன். அதனால் எல்லோரும் நம்பினார்கள். அந்த மூடிக்குப் பக்கத்தில் நகரசபை ஒரு நீல மீன் படம் வரைந்து, கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. எர்லிந்தா படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தாலும் ஊற்றியிருப்பாள். சுண்ணாம்பும் சோளமும் மனிதர் தின்கிற பொருள்தானே, மீனை என்ன செய்துவிடும்? மலையிலிருந்த அவள் ஊரில் அந்த மஞ்சள் தண்ணீரைப் பன்றிகள் குடித்தன, மண் குடித்தது, யாரும் சாகவில்லை.

பிறகு வளாகம் கைமாறியது. புது முதலாளி ஹாட்லிக்கு வீடுகள் வேண்டாம், இடம்தான் வேண்டும் என்று முதல் மாதமே எல்லோருக்கும் புரிந்தது. குழாயை அவர் தொடவில்லை. சானோவின் கையில் ஒரு நல்ல கேமரா போனைக் கொடுத்து, யார் வீட்டுத் தண்ணீர் மூடிக்குள் போகிறதென்று தினமும் காலையில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வருடத்துக்குள் மூன்று எச்சரிக்கை வாங்கினால் அறுபது நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். எர்லிந்தாவுக்கு இரண்டு வந்திருந்தன.

டிரெய்லர் அவளுடையது, தரை முதலாளியுடையது. எடுத்துக்கொண்டு போகலாமே என்று சட்டம் சொல்லும். முப்பத்தெட்டு வருடத்து வண்டி வீடு அது. சக்கரங்கள் மண்ணில் புதைந்து, அடிச்சட்டம் துருவேறி, இழுத்தால் இரண்டாகப் பிளந்துவிடும். பிளக்காவிட்டாலும் இவ்வளவு பழையதை எந்த வளாகமும் உள்ளே சேர்க்காது. விரல் போனதற்குக் கிடைத்த நஷ்ட ஈட்டில் வாங்கிய வீடு. அவளும் தங்கை ஒஃபேலியாவும் தலை சாய்க்க அது ஒன்றுதான் இருந்தது.

இரண்டாவது எச்சரிக்கையில் மீன்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. ஒஃபேலியா படித்துச் சொன்னாள். அன்று சாயங்காலம் எர்லிந்தா தனியாக நடந்து, வடிகால் போய்ச் சேரும் கால்வாய்க்குப் போனாள். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தது, அவள் அண்டாவின் விளிம்பில் படிகிற அதே வெள்ளை. கீழே, விரல் நீள மீன்கள் பத்துப் பதினைந்து மல்லாந்து மிதந்தன. கரையில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்கு வந்து தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒரு சொட்டையும் மூடிக்குள் விடவில்லை. மூடி போட்ட நீலப் பீப்பாயில் பிடித்து, தோன் கூக்கோவின் பழைய பிக்கப்பில் ஏற்றி, நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையத்துக்குக் கொண்டுபோவாள். சுற்றுலா வண்டிக்காரர்கள் கக்கூஸ் தொட்டியைக் காலி செய்ய அங்கே ஒரு குழி உண்டு. அதில் ஊற்றுவது சட்டப்படி சரி.

அப்படி மூன்று மாதம் ஒழுங்காக இருந்தவளுக்குத்தான் அந்த டிசம்பர் காலையில், மூன்றாம் தண்ணீர் கழுவிக்கொண்டிருந்தபோது, சானோ மூன்றாவது தாளைக் கொண்டுவந்து நீட்டினான். தாளோடு படமும் இருந்தது. அவள் படிக்கட்டுக்குக் கீழிருந்து அழுக்குத் தண்ணீர் புறப்பட்டு மீன் படத்தைத் தாண்டி மூடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உடைந்த குழாயிலிருந்து மண்ணுக்கு மேலே பொங்கிய தண்ணீர் அது. பொங்கிய இடம் அவள் வாசலாகிப் போனது.

"சானோ, இது என் தண்ணி இல்ல."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேவா படம் எடுத்தே?"

"தண்ணி போறதை எடுக்கச் சொன்னாரு, எடுத்தேன். யாரோடதுன்னு நான் எழுதல." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அண்டாவுக்குள் பார்த்துக்கொண்டு பேசினான்.

"தெருவுல ஊத்துங்கன்னு அன்னைக்கு நீதானே சொன்னே. அதையாவது அவர்கிட்ட சொல்லு."

"சொன்னா நாளைக்கே நான் வெளிய நிப்பேன். எனக்கு வாடகை இல்லாம இருக்க விட்டிருக்காங்க. மூணு புள்ளைங்க இருக்கு. உங்களுக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

அன்று தமாலே விற்று முடித்த கையோடு நகரசபை அலுவலகத்துக்குப் போனாள். கூடவே ஒஃபேலியாவும் மதிய ஷிஃப்டை விட்டுவிட்டு வந்தாள். மழைநீர் வடிகால் பிரிவில் இருந்தவள் மோங் இனத்துப் பெண் ஒருத்தி, கியா மூவா. அவளுடைய அம்மாவும் ஒரு காலத்தில் இதே பள்ளத்தாக்கில் ஸ்ட்ராபெரி பறித்தவளாம். பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தாள். குடியிருப்பவர்கள் வடிகாலில் எதையெல்லாம் விடலாம் என்ற பட்டியல் அது. மழை. தோட்டத்துக்குப் பாய்ச்சி மிஞ்சிய தண்ணீர். ஏசியிலிருந்து சொட்டுவது. தீயணைத்த தண்ணீர். சொந்தக் காரைச் சொந்த வாசலில் கழுவிய தண்ணீர். நீச்சல் குளத்துத் தண்ணீர், குளோரின் போன பிறகு.

சோளம் கழுவிய தண்ணீர் அதில் இல்லை. பாத்திரம் கழுவியதும் குளித்ததும் இல்லை. உடைந்த குழாய் பொங்கியதைப் பற்றிக் கேட்டதற்கு, அது எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றம் என்றாள் கியா. பிறகு ஹாட்லி அனுப்பியிருந்த புகாரைத் தேடி எடுத்துப் பார்த்தாள்.

"புகார் உங்க ஒருத்தர் பேர்ல வந்திருக்கு. ஒரு வீட்டு மேல புகார்னா அந்த வீட்டைத்தான் நான் பாக்கணும், அதுதான் விதி. எல்லா வீட்டுலயிருந்தும் வந்தா குழாயைப் பாக்க வேண்டியதாயிடும். ஆனா நல்லா யோசிச்சுச் செய்யுங்க. எழுதிக் குடுக்கிற ஒவ்வொருத்தரும் தன் மேலயே குத்தம் சொல்லிக்கிற மாதிரி ஆகும்."

அவர்கள் வெளியே வந்தபோது எர்லிந்தாவுக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. தன் தலையைத் தானே நீட்டுவதற்கு யார் வருவார்கள்? தங்கையிடம் அதைத்தான் சொன்னாள். ஒஃபேலியா அந்தத் துண்டுத்தாளைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வளாகத்துச் சலவைக் கொட்டகையில் கூடினார்கள். ஹாட்லி வந்த நாளிலிருந்து அங்கே இயந்திரங்கள் ஓடவில்லை. உட்காருவதற்கு மட்டும் பயன்பட்டன. ஒஃபேலியா ஒரு இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து பட்டியலைப் படித்தாள். நீச்சல் குளம் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"கேட்டுக்கங்க. ஆளுக்கொரு நீச்சல் குளம் கட்டிட்டோம்னா நாம எல்லாரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மக்கள். தப்பு நம்ம பேர்லதான். பாத்திரம் கழுவுறதுக்குப் பதிலா நீச்சல் அடிச்சிருக்கணும்."

கொட்டகை சிரித்தது. நாங்களும் மூடிக்குள் ஊற்றினோம் என்று எழுதிக் கொடுக்கும் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது. கைக்குழந்தையோடு வந்தவள் ஒருத்தி, எனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்கிறது, இதையும் எழுதினால் இரண்டாகிவிடும் என்றாள். அவள் சொன்னது நியாயம். இன்னொருவன், சோளத் தண்ணி ஊத்தினது அவங்க, நாம எதுக்கு மாட்டிக்கணும் என்று முணுமுணுத்தான். அதுவும் எர்லிந்தாவின் காதில் விழுந்தது. எழுந்து நின்றாள்.

"மீனைக் கொன்னது நான்தான். போய்ப் பாத்தேன். வெள்ளையா கெடக்கு. அதுக்கு என்ன தண்டனையோ வாங்கிக்கறேன். என் வீட்டுக்காகக் கேக்கல. இந்தத் தாள் என் வாசலோட நிக்காது. அடுத்தது யாரு வாசல்ல பொங்கும்னு குழாய்தான் சொல்லும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு பேர் ஒவ்வொருவராக எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். எர்லிந்தா அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

தோன் கூக்கோ பேனாவைக் கேட்டார். அவருக்கு எழுதத் தெரியாது. பெயரை மட்டும் வரைவார். ஒஃபேலியா தயங்கினாள். அவர் ஒரு நாளும் மூடிக்குள் எதையும் ஊற்றியதில்லையே, ஊரார் தண்ணீரெல்லாம் அவர் தொட்டிக்கல்லவா வந்தது என்றாள்.

"எல்லாரோட தண்ணியும் என் தொட்டியில வந்துதானே குளிச்சுது. அப்போ நான் இந்த வீட்டுங்களுக்கெல்லாம் சொந்தக்காரன். குடு பேனாவை," என்றார் கிழவர்.

அன்று முப்பத்தொரு வீடு எழுதிக் கொடுத்தது. நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்று. பெரிய வெற்றி என்று யாரும் சொல்லவில்லை. எதற்காகக் கையெழுத்துப் போட்டோம் என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனவர்கள்தான் அதிகம்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கியா மூவா வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆரஞ்சு வரத்து உச்சத்திலிருந்த வாரம் அது. அன்று வராதவன் அடுத்த நாளும் வரவேண்டாம் என்று ஆரஞ்சுக் கொட்டகை மேஸ்திரி சொல்லிவிட்டான். அப்படியும் எழுதிக் கொடுத்தவர்களில் வீட்டுக்கொருவர் நின்றார்கள். திங்கள் காலையிலிருந்து அவர்களில் யாரும் தொட்டியில் தண்ணீர் விடவில்லை. பாத்திரம் கழுவியது, துணி அலசியது, குழந்தையைக் குளிப்பாட்டியது எல்லாவற்றையும் வாளியிலும் பெயிண்ட் டப்பாவிலும் பிடித்து, கியா கண்ணால் பார்க்கட்டும் என்று தங்கள் படிக்கட்டுக்கு முன்னால் வைத்திருந்தார்கள். பனிக்குள் தெருவின் இரண்டு பக்கமும் வாளிகள் வரிசையாக நின்றன. எர்லிந்தா வாசலில் மஞ்சள் தண்ணீரோடு நீலப் பீப்பாய். மூடி போட்டிருந்தாள்.

ஹாட்லியும் வந்தார். வெள்ளைச் சட்டை, சேறு படாத பூட்ஸ். கோபப்படுகிற மனிதர் இல்லை; மரியாதையாகப் பேசுவார்.

"பாத்தீங்களா மேடம்? இவ்வளவு அழுக்கையும் ரெண்டு வருஷமா கால்வாயில விட்டிருக்காங்க. அவங்களே எழுதியும் குடுத்துட்டாங்க. நான் வேற என்ன சொல்றது?" என்றார் கியாவிடம்.

"குழாயை எப்போ சரி பண்ணுவீங்க?" என்று எர்லிந்தா கேட்டாள்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு அம்மா. நீங்க சோளத்தைப் போட்டு அடைச்சா எந்தக் குழாயும் அடைக்கும்."

"மூணு மாசமா ஒரு மணி சோளம் போகல."

"அதுக்கு என்ன சாட்சி?"

எர்லிந்தா சானோவைப் பார்த்தாள். சானோ முதலாளிக்கு ஒரு எட்டு பின்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தலை குனிந்திருந்தது.

கியா மேட்டிலிருந்த முதல் வீட்டுத் தொட்டியில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னாள். பிறகு எல்லோரும் தோன் கூக்கோவின் வீட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இருபது நிமிடம் ஆனது. குளியல் தொட்டியின் ஓட்டையில் முதலில் குமிழ் வந்தது, பிறகு பச்சைத் தண்ணீர் மெதுவாக ஏறியது. வெளியே இருந்த ஒருவன் கூப்பிட்டான். எர்லிந்தா வாசல் மண்ணிலும் பச்சை ஊறி, மீன் படத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நான் குளிக்காம இருந்ததுக்கு இப்பதான் அரசாங்கம் காரணம் கண்டுபிடிச்சிருக்கு," என்றார் கூக்கோ. ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் கியாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கியா நெடுநேரம் எழுதினாள். எழுதி முடித்து, உண்மையை மறைக்காமல் சொன்னாள். மூடிக்குள் போவது மட்டும்தான் அவள் அதிகாரத்தில் வரும். வளாகத்துக்குள் இருக்கும் குழாய் மாநில அரசின் வேறொரு இலாகாவுக்குச் சேர்ந்தது. அங்கே இந்த அறிக்கை போய், அவர்கள் ஆள் அனுப்பி, உத்தரவு போட நாலைந்து மாதம் ஆகும். காலி செய்யச் சொன்ன தாளை நிறுத்த அவளால் முடியாது. முப்பத்தொரு வீடும் எழுதிக் கொடுத்ததை அவள் பதிவு செய்துதான் ஆக வேண்டும். ஹாட்லி நன்றி சொல்லிக் கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

எர்லிந்தாவுக்கு மீதி ஐம்பத்து நாலு நாள். முப்பது வீடுகளுக்குத் தங்களாலேயே ஒவ்வொரு எச்சரிக்கை. இவர்களை இப்படிச் சிக்கவைத்தது நான்தானே என்று அவள் நெஞ்சு எரிந்தது. தெருவில் வாளிகள் அப்படியே நின்றன. மூடிக்குள் ஊற்ற முடியாது. தொட்டியில் ஊற்றினால் கிழவர் வீட்டில் ஏறும். வேலையும் கூலியும் போன நாளில் அழுக்குத் தண்ணீரைக் காவல் காத்துக்கொண்டு நின்றார்கள். இதைவிடக் கேவலம் உண்டா என்று ஒருவன் வாளியை எட்டி உதைக்கப் போனான். கூக்கோ அவன் தோளைப் பிடித்தார்.

"தெக்கியோ," என்றார்.

அவர்கள் மலையூரில் அந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ரோடு போட, ஊற்று தூர்வார, பள்ளிக்கூடத்துக்குக் கல் சுமக்க வீட்டுக்கொரு ஆள், கூலி கிடையாது, வர மாட்டேன் என்று சொல்லவும் கிடையாது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஷிஃப்டும் வாடகையுமாக ஓடியதில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லியே பல வருடம் ஆகியிருந்தது. வேறு மாநிலத்திலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் என்னவென்று கேட்டன. சொன்னதும் அவர்களும் வாளியைத் தூக்கினார்கள்.

அன்று பிக்கப் ஒன்பது நடை போனது. ஒரு சொட்டும் சிந்தக் கூடாதென்று கூக்கோ மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் பீப்பாய்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆறு பேர் நின்றார்கள். நெடுஞ்சாலையில் கார்க்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டினார்கள். மறுநாளும் போனார்கள், அதற்கு மறுநாளும். ஒஃபேலியா ஒரு அட்டையில் முறை எழுதிச் சலவைக் கொட்டகையில் தொங்கவிட்டாள். ஐந்து பேருக்கு ஆரஞ்சுக் கொட்டகையில் வேலை போயிருந்தது. அவர்கள்தான் பகல் நடைக்கு. அன்று எழுந்து போன பன்னிரண்டு வீடுகளில் நாலு, வாளியைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தன. வளாகத்துத் தண்ணீர் குறையவே குழாயும் பொங்கவில்லை. மூடி காய்ந்து கிடந்தது. இதனாலெல்லாம் ஹாட்லி மனம் மாறிவிடுவார் என்று நம்பும் பைத்தியக்காரர் அங்கே யாரும் இல்லை. எர்லிந்தாவும் நம்பவில்லை. ஆனால் காலையில் சோளம் கழுவ உட்காரும்போது யாராவது ஒருவர் பீப்பாயைத் தூக்க வந்து நின்றார்கள். அது அவளுக்கு வேண்டியிருந்தது.

நாற்பத்தேழு நாள் மீதியிருந்த ஒரு விடியலில், இரண்டாம் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது, பனிக்குள்ளிருந்து சானோ வந்தான். ஒரு கையில் போன் இருந்தது. மறு கையில் துண்டு போட்டு மூடிய வாளி.

"இன்னிக்கும் படம் எடுத்தேன். மூடி காஞ்சு கெடக்கு. ஏழு நாளா அப்படித்தான். எல்லாம் தேதியோட இருக்கு," என்றான்.

"அவருக்கு அனுப்பினியா?"

"அனுப்பினேன். காஞ்ச படம் எதுக்குன்னு திட்டினாரு. என் சொந்த போன்லயும் வெச்சிருக்கேன்." கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். "கையெழுத்து மட்டும் கேக்காதீங்கக்கா."

"நான் கேக்கலையே."

"இது எங்க வீட்டுத் தண்ணி. பாத்திரம் கழுவினது."

"துண்டை எடுத்துட்டு நல்ல மூடியா போடு. வழியில சிந்திடும்."

அவன் வாளியை வண்டியில் ஏற்றினான். கூக்கோ கண்ணாடி வழியே பார்த்துவிட்டு இன்ஜினை முடுக்கினார். உள்ளேயிருந்து ஒஃபேலியா அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து, எந்த நாள் முறை போடட்டும் என்று கேட்டாள். சானோ முதலாளியின் வண்டி வரும் சாலைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை போடு. அன்னைக்கு அவர் வரமாட்டாரு. பேர் எழுதாத."

ஒஃபேலியா ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே பேர் எழுதாமல் ஒரு வாளி வரைந்தாள். எர்லிந்தா கைகளை மறுபடியும் சோளத்துக்குள் விட்டாள். இன்னும் ஒரு தண்ணீர் பாக்கி இருந்தது.